அம்மாவுக்கு வரும் கிசான் பணம்: பட்டா எங்களுடையது, பயிர் வேறொருவருடையது

தென்பெண்ணைக்கரை (இழையைத் தொடங்கியவர்) | நவம்பர் 20, 2025, இரவு 9.40

விவசாயிகளுக்கு வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாயை மூன்று தவணையாகத் தரும் மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தில், நேற்று கோயம்புத்தூரில் பிரதமர் 21ஆவது தவணையை விடுவித்தார். இன்று காலையே அம்மாவின் கைபேசிக்கு வங்கியிலிருந்து செய்தி வந்துவிட்டது. இரண்டாயிரம் ரூபாய். எனக்குப் போன் செய்து, "கிசான் பணம் ஏறிடுச்சுடா" என்றார். சந்தோஷம்தான். வைத்த பிறகு ஒரு உறுத்தல்.

எங்களுக்குத் திருக்கோவிலூர் பக்கம் இரண்டு ஏக்கர். அப்பா 2017இல் தவறினார். நானும் தங்கையும் எங்கள் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பட்டா அம்மா பெயருக்கு மாறியது. நான் சென்னையில் கணினி வேலை. நிலத்தைப் பார்ப்பது எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர். குத்தகை. பத்திரம் எதுவும் இல்லை, எல்லாம் வாய்வார்த்தை. அறுப்பு முடிந்தால் பேசிய மூட்டை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும்.

அம்மா வயல் பக்கம் போய் மூன்று வருடமாகிறது, மூட்டு வலி. ஆனால் அரசுக் கணக்கில் அம்மாதான் விவசாயி, அந்த அண்ணன் யாருமில்லை.

கேட்க நினைப்பது இதுதான். நான் வருமான வரி கட்டுகிறேன், அதனால் அம்மா வாங்குவது தவறாகுமா? தவறில்லை என்றாலும், உழுகிறவருக்கு அதைக் கொடுத்துவிடுவதுதானே முறை? வேறு யாராவது அப்படிச் செய்கிறீர்களா?

வரப்புத்தகராறு | நவம்பர் 20, இரவு 9.58

நாலு மாதத்துக்கு ஒரு முறை வரும் இரண்டாயிரத்துக்கு மனசாட்சி இவ்வளவு வேலை செய்கிறதா? வாழ்க.

சிட்டா_அடங்கல் | நவம்பர் 20, இரவு 10.25

//நான் வருமான வரி கட்டுகிறேன், அதனால் அம்மா வாங்குவது தவறாகுமா?//

இல்லை. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். நீங்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை. அம்மா வரி கட்டாமல், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்காமல் இருந்தால் தகுதி உண்டு. 1.2.2019 அன்று நிலம் அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும், அதுவும் இருக்கிறது. அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவர்களுக்குக் கிடையாது, சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம் என்றால் விதிவிலக்கு.

குத்தகைதாரர் விஷயமும் தெளிவு. 'நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம்' என்றுதான் விதியில் இருக்கிறது. உழுகிறாரா என்று அரசு கேட்பதே இல்லை. நிலம் பயிர் வைக்கக்கூடியதாக இருந்தால் போதும். நிலமில்லாமல் பயிர் வைப்பவர் எத்தனை ஏக்கர் வைத்தாலும் பூஜ்யம்.

ஆக உங்கள் அம்மா சட்டப்படி வாங்குகிறார். அடுத்த கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

வாரத்துக்காரன் | நவம்பர் 21, காலை 6.10

நான் அடுத்தவர் நிலத்தில் பயிர் வைக்கிறவன், எனவே கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இரண்டாயிரத்தில் என்ன வரும் என்று பார்க்கலாம். டிஏபி உரம் ஒரு மூட்டை 1,350. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதில் இரண்டு. மீதி 117 ரூபாய். அதுவும் கடைக்காரர் கூடவே வேறு ஏதாவது ஒரு டப்பாவைத் தலையில் கட்டாமல் இருந்தால்தான். இரண்டு ஏக்கர் நெல்லுக்கு அடியுரம்கூட நிறையாது. 2019இல் அறிவித்த அதே ஆறாயிரம், ஒரு ரூபாய் ஏறவில்லை. 12,000 ஆக்கலாம் என்று போன வருடம் டிசம்பரில் நாடாளுமன்ற வேளாண் குழுவே சொன்னது, அதோடு சரி.

எனவே யாரும் அந்தக் காசுக்கு ஏங்கிக்கொண்டு இல்லை. வலி வேறு இடத்தில். அரசு என்னை விவசாயி என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா கொண்டுவா. காப்பீடு என்றால், எந்தப் போகத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று காட்டும் அடங்கல் கொண்டுவா. வெள்ளம் வந்து எல்லாம் போனால் நிவாரணம் பட்டாதாரருக்கு. வட்டிக்கு வாங்கி விதை போட்டவன் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

தம்பி நல்ல மனசோடு கேட்கிறார். ஆனால் ரெண்டாயிரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், அந்த அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டீர்களா?

மானாவாரி | நவம்பர் 21, காலை 8.32

நில உடைமையாளர் என்றால் ஜமீன்தார் மாதிரி எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்தலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒருவர் கையில் இருக்கும் நிலம் சராசரி 0.75 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் இரண்டுகூட இல்லை. இதில் யார் பண்ணையார்?

என் தாத்தா வாய்வார்த்தையில் விட்ட ஒன்றரை ஏக்கரை மீட்க அப்பா இருபது வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்தார். மீட்டபோது கிணறு தூர்ந்திருந்தது. அந்த அனுபவம் இருப்பதால் சொல்கிறேன், இரக்கப்பட்டு எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பணம் கொடுக்க ஆசை என்றால் தீபாவளிக்குத் துணியாக எடுத்துக் கொடுங்கள்.

பழைய_வேளாண் | நவம்பர் 21, பகல் 11.15

நான் வேளாண்மைத் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஏன் பட்டாவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2019 பிப்ரவரி 1ஆம் தேதி இடைக்கால பட்ஜெட்டில் அறிவிப்பு. 24ஆம் தேதி கோரக்பூரில் முதல் தவணை. நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அவசரத்தில் யார் உழுகிறார் என்று வயல் வயலாகப் போய்ப் பார்க்க முடியுமா? கையில் இருந்த ஒரே பட்டியல் சிட்டா. அதை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனோம். உழுகிறவர்களின் பட்டியல் என்று இந்த நாட்டில் ஒன்று இருந்ததே இல்லை ஐயா. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். ஜூன் மாதத்திலிருந்து உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் 2020. விவசாயி தானே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வசதி வந்தது. கொரோனா நேரம், அலுவலகத்தில் ஆள் இல்லை. பதிவை ஒப்புக்கொள்ளும் கடவுச்சொல் யார் யார் கையிலோ போயிற்று. தனியார் கணினி மையங்களில் விடிய விடியப் பதிவு நடந்தது. கள்ளக்குறிச்சியில் எண்ணிக்கை திடீரென்று ஏறியதைக் கவனித்துத் தோண்டியபோதுதான் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று நீண்டது. மொத்தம் 13 மாவட்டம். தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போயிருந்தது. சிபிசிஐடி விசாரணை, 80 ஒப்பந்த ஊழியர்கள் நீக்கம், 34 பேர் தற்காலிகப் பணிநீக்கம். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இன்னும் பெரியது: நாடு முழுவதும் 42 லட்சம் தகுதியற்றவர்கள், 2,992 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் 7.22 லட்சம் பேர், 340 கோடி. வரி கட்டுகிறவர்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம்.

பணத்தைத் திரும்ப வாங்க நாங்கள் தெருத் தெருவாகப் போனோம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. "கொரோனா நெவாரணம்னு சொல்லி ஆதார வாங்கிட்டுப் போனான் சார், வந்ததுல ஐந்நூறு அவன் எடுத்துக்கிட்டான்" என்றார். அந்தப் பாட்டியிடம் முழு இரண்டாயிரத்தையும் கேட்க வேண்டியவன் நான். மனைவியின் தோட்டை அடகு வைத்துத் தருகிறேன் என்று அவர் மகன் வந்து நின்றான். புரோக்கரைத் தேடினால் அவன் எண் அணைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பூட்டு எல்லாம் வந்தது. ஆதார், இ-கேஒய்சி என்ற இணையவழி அடையாளச் சரிபார்ப்பு, நிலப் பதிவோடு இணைப்பு. பூட்டுகள் கூடக்கூடப் பட்டா இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. குத்தகைதாரரை உள்ளே விட்டால் மறுபடி 2020 ஆகிவிடும் என்று எந்த அதிகாரியும் பயப்படுவார். நானும் பயந்திருப்பேன்.

இசேவை_அக்கா | நவம்பர் 21, பிற்பகல் 3.05

ஐயா சொன்ன பூட்டுகளின் சாவி எங்கள் இ-சேவை மையத்தில்தான் தொங்குகிறது, எனவே இரண்டு வார்த்தை.

போன இரண்டு நாளாகக் கூட்டம். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பணம் வந்திருக்கிறது, எங்கே வந்தது என்றுதான் தெரியவில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தார்களோ அங்கே போகும். நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்த கணக்கில் மூன்று தவணை கிடந்ததை நேற்று ஒரு அம்மாவுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டார்.

மீதிப் பேருக்கு நிஜமாகவே வராது. பட்டாவில் 'பச்சையம்மாள்', ஆதாரில் 'பச்சையம்மா'. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா. கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு செய்ய மனுப் போட்டு, சர்வேயருக்காகக் காத்திருப்பவர்கள். களை எடுத்து எடுத்துக் கைரேகை தேய்ந்துபோனவர்கள், இயந்திரத்தில் விரல் பதியவே பதியாது. முகத்தைக் காட்டிச் செய்யும் செயலி வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

இந்த வருடம் பிப்ரவரியிலிருந்து விவசாயி அடையாள எண் வேறு. அதற்கும் அடிப்படை பட்டாதான். போன தவணை 9.7 கோடிப் பேருக்கு என்றார்கள், இந்தத் தவணை 9 கோடி. கணவன், மனைவி இரண்டு பேரும் வாங்கினால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2019க்குப் பின் நிலம் வந்தவர்களையும் விசாரிக்கிறார்கள்.

குத்தகைக்காரர் ஒருவர்கூட இதைக் கேட்டு என் மையத்துக்கு வந்ததில்லை. தங்களுக்குக் கிடையாது என்று அவர்களுக்கே தெரியும்.

காவிரிக்கடை | நவம்பர் 21, இரவு 8.20

திருவாரூர் பக்கம் வாருங்கள், எங்கள் கதை தனி. இங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர் சாமி. மூன்று தலைமுறையாகக் கோயில் நிலத்தில் சாகுபடி, குத்தகை நெல்லை ஒழுங்காக அளக்கிறோம், ரசீதும் இருக்கிறது. பட்டா தியாகராஜர் மாதிரி ஒரு சுவாமி பெயரில். நிறுவன நிலத்துக்குக் கிசான் பணம் கிடையாது என்பது விதி. சரி, சாமிக்குக் கொடுக்கலாம் என்றாலும் அவருக்கு ஆதார் இல்லை, கைரேகையும் பதியாது.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, தமிழ்நாட்டில் கோயில்களுக்கு நாலே முக்கால் லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பயிர் வைக்கும் குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் வராது. இத்தனைக்கும் வாய்வார்த்தைக் குத்தகை இல்லை இது, அரசுத் துறையிடமே கணக்கு இருக்கிறது.

அயோவா_மக்காச்சோளம் | நவம்பர் 22, காலை 7.45

பத்து வருடமாக அமெரிக்காவில் அயோவாவில் இருக்கிறேன், விதை சம்பந்தப்பட்ட வேலை. விவசாயிகளோடுதான் நாள் முழுக்கப் பேச்சு. இங்கேயும் இதே வழக்கு, ஆனால் முடிச்சு வேறு மாதிரி.

அயோவா நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். நிலத்துச் சொந்தக்காரர் பலர் நம் நண்பரின் அம்மா மாதிரிதான், வயதானவர்கள், கணவனை இழந்தவர்கள், பிள்ளைகள் நகரத்தில். ஆனால் இங்கே விதி நேர்மாறு. ரொக்கக் குத்தகைக்கு விட்டால் அரசுப் பணம் பயிரிடுகிறவருக்குத்தான், சொந்தக்காரருக்குக் கிடையாது. விளைச்சலில் பங்கு என்று பேசியிருந்தால் அரசுப் பணத்திலும் அதே பங்கு. நட்டத்தை யார் தாங்குகிறாரோ அவருக்குப் பணம் என்ற கணக்கு.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அடுத்த வருடம் சொந்தக்காரர் குத்தகையை ஏற்றிவிடுவார். அரசு தந்ததில் ஒரு பகுதி சத்தமில்லாமல் வாடகையாகக் கைமாறும். இங்கே காபிக்கடையில் உட்கார்ந்தால் இதுதான் புலம்பல்.

பட்டாவை மட்டும் பார்த்துக் கொடுத்த காலமும் இங்கே உண்டு. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் என்று பதிவில் இருந்தால் போதும், இப்போது அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் பணம் போகும். டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே பழைய நெல் நிலத்தை வீட்டுமனையாகப் பிரித்து விற்றார்கள். மனை வாங்கியவரின் புல்தரைக்கு நெல் மானியம்! 2006இல் வாஷிங்டன் போஸ்ட் அதைத் தோண்டி எழுதியது. 2000க்குப் பிறகு மட்டும், விவசாயமே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போயிருந்தது. அந்த நேரடிப் பணம் 2014 சட்டத்தில்தான் நின்றது.

இன்னொன்று. சீனாவோடு வரிச் சண்டை நடந்தபோது 2019இல் ஈடு கொடுத்தார்கள். கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒரு விலை. ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. கவுண்டி எல்லை ஒரு சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, எதிர்ப்பக்கம் வேறு தொகை, இரண்டு பக்கமும் அதே சோயாபீன்ஸ்.

வரப்புத்தகராறு | நவம்பர் 22, காலை 9.02

//மனை வாங்கியவரின் புல்தரைக்கு நெல் மானியம்!//

நம்மாட்கள் இதைக் கேள்விப்பட்டால் மொட்டைமாடித் தொட்டிச் செடிக்கு அடங்கல் கேட்பார்கள்.

சிட்டா_அடங்கல் | நவம்பர் 22, பகல் 12.40

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து மாநிலங்களிலேயே எல்லா மாதிரியும் இருக்கிறது. தெலங்கானாவில் 2018இல் ரைத்து பந்து தொடங்கினார்கள். ஏக்கருக்கு ஒரு பருவத்துக்கு 4,000, பிறகு 5,000. அதில் உச்சவரம்பு இருக்கவில்லை, எனவே 50 ஏக்கர்காரருக்கு 50 பங்கு கிடைத்தது, குத்தகைதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒடிசாவின் காலியா திட்டம் பங்கு சாகுபடி செய்பவரையும் நிலமற்றவரையும் சேர்த்தது. ஆந்திரா 2019இல் சாகுபடியாளர் உரிமை அட்டை என்று சட்டமே போட்டது. பதினோரு மாதத்துக்கு அட்டை. ஆனால் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். பலர் போடுவதில்லை.

ஏன் போடுவதில்லை என்பதற்கு மானாவாரி மேலே எழுதியது பதில். தமிழ்நாட்டில் 1955 முதல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. இரண்டும் உழுகிறவரைக் காக்க வந்தவை. ஆனால் அவற்றுக்குப் பயந்துதான் யாரும் குத்தகையை எழுத்தில் வைப்பதில்லை. எழுத்தில் இல்லாததால் உழுகிறவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காப்பாற்ற வந்த சட்டமே ஆளை மறைத்துவிட்டது. பழைய_வேளாண் ஐயா தேடிய பட்டியல் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மானாவாரி | நவம்பர் 22, பகல் 1.15

அதைத்தான் நானும் சொன்னேன், நீங்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டீர்கள்.

தென்பெண்ணைக்கரை | நவம்பர் 24, இரவு 10.30

ஞாயிறு ஊருக்குப் போய் வந்தேன். வாரத்துக்காரன் அண்ணன் கேட்ட கேள்வி குத்தியதால், அந்த அண்ணனையே கேட்டுவிட்டேன்.

களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தார். கிசான் பணத்தை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார். "அது அம்மா மாத்திரைக்கு ஆவட்டும் தம்பி. நீ வெள்ளப் பணத்த நெனச்சுப் பேசறியோன்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. இதை இங்கே எழுதத்தான் வேண்டும். போன வருடம் ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் இரண்டு ஏக்கர் நெல்லும் மண்ணோடு போயிற்று. அரசு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. பதிமூவாயிரத்துச் சொச்சம் அம்மா கணக்குக்கு வந்தது. நாங்கள் அவருக்குக் கொடுத்தது ஏழாயிரம். 'ஆளுக்குப் பாதி' என்று அப்போது நியாயமாகத்தான் தோன்றியது. விதை, உழவுக்கூலி, நடவு, உரம் எல்லாம் அவர் செலவு. எங்களுக்குப் போனது என்ன? அந்த வருடக் குத்தகை மூட்டை மட்டும். இரண்டாயிரத்துக்கு இழை தொடங்கியவனுக்கு அந்த ஏழாயிரம் ஒரு வருடமாக உறைக்கவே இல்லை.

மீதியைக் கொடுத்துவிட்டேன். வாங்க மாட்டேன் என்றார், அவர் வீட்டு அண்ணி வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அடங்கலில் அவர் பெயரைப் போட முடியுமா? இந்தப் போகத்துக்குக் காப்பீடு அவர் பெயரிலேயே கட்ட வேண்டுமாம். அம்மாவிடம் சொன்னேன். "பேர எழுதினா நெலம் போயிடும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

சிட்டா_அடங்கல் அண்ணே, நிஜமாகப் போய்விடுமா?

சிட்டா_அடங்கல் | நவம்பர் 25, காலை 7.20

அடங்கலில் பெயர் ஏறியதால் மட்டும் நிலம் போகாது. அது அந்தப் போகத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கணக்கு. 1969 சட்டத்தின் பதிவேடு தனி, அதற்குத் தனி மனு, விசாரணை உண்டு. ஆனால் பொய் சொல்ல மாட்டேன். நாளை வழக்கு என்று வந்தால் வருடக்கணக்கான அடங்கல் பதிவை அவர் தரப்பு சாட்சியமாகக் காட்டும். உங்கள் அம்மாவின் பயத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. அந்த அண்ணனை எத்தனை வருடமாகத் தெரியும் என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

வாரத்துக்காரன் | நவம்பர் 25, மாலை 6.50

தம்பி, வெள்ளப் பணக் கதையை எழுதாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதினீர்களே, அதற்கு வணக்கம். எனக்கு அதே புயலில் வந்த பங்கு பூஜ்யம். நிலத்துக்காரர் இப்போதும் கோயிலில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவார்.

இசேவை_அக்கா | நவம்பர் 26, பிற்பகல் 2.30

காப்பீட்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். யார் பெயரில் பிரீமியம் கட்டுகிறோமோ அவர் கணக்குக்குத்தான் இழப்பீடு வரும். விவசாயி பங்கு சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். விஏஓ கையெழுத்திட்ட அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் போதும். அடங்கலில் பயிரிடுகிறவர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

தென்பெண்ணைக்கரை | நவம்பர் 28, காலை 8.15

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை அவரே போன் செய்தார். "இந்தப் போகத்துக்கு மட்டும் அவன் பேரப் போடச் சொல்லு. அடுத்த போகம் நான் இருந்தா பாத்துக்கலாம்." வைத்துவிட்டார்.

இன்று இரவு பேருந்து. நாளை விஏஓவைப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போகிறேன்.

இசேவை_அக்கா | நவம்பர் 28, காலை 8.40

அவர் ஆதாரில் இப்போதைய கைபேசி எண் இருக்கிறதா என்று இன்றே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அதற்கே அரை நாள் போய்விடும். நாளை சனிக்கிழமை, பதினோரு மணிக்குள் வந்துவிடப் பாருங்கள், அதற்கு மேல் சர்வர் படுத்துக்கொள்ளும்.